மாப்பிள்ளை வந்த மீட்டர் கேஜ்

1

கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். “தண்டவாளம்” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நாற்பத்தொன்பதாவது கல்யாண நாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்தது ஐம்பது என்பதால் சுதா ஒரு வருஷம் முன்பாகவே திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஹோட்டல், ஒரு கேக், நாற்பது பேர் என்று ஏதோ மனசில் வைத்திருந்தாள்.

“தண்டவாளம் எதற்கு, டாடி?”

“ரயில் விட.”

“எங்கே?”

“தோட்டத்தில்தான். மாடியிலா விட முடியும்?”

சுதா எங்களுக்கு ஒரே பெண். லண்டன் பக்கத்தில் இருக்கிறாள். நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே, மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கிரேன் செய்கிற தொழிற்சாலையில் வரைபடம் போட்டார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைத்தேன். உப்புப் போடாமல் உருளைக்கிழங்கு வேகவைப்பதில் என்னை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சுதா போன் செய்வாள். இரண்டு வருஷமாக ஒரே பேச்சு. வீட்டை விற்றுவிட்டுத் தன் பக்கத்தில் ஒரு கீழ்த்தளத்து ஃபிளாட்டுக்கு வந்துவிடுங்கள் என்பாள். அவர் “ம்” என்பார். அந்த ‘ம்’முக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது.

எனக்கு அந்த ஃபிளாட் மேல் ஆசைதான். மாடிப்படி எனக்கும் என் முழங்காலுக்கும் நடுவே வழக்காகியிருந்தது. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. தோட்டத்தில் ரயில் என்று அவர் சொன்னதும் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். தண்டவாளம் போடுகிற மனுஷன் ஊரை விட்டுப் போகிறவனில்லை.

2

ரயில் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். என்ன மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டார். இவர் மீட்டர் கேஜ் என்றார்.

“ஓ, நேரோ கேஜ்!” என்றார் கடைக்காரர்.

இவருக்கு முகம் மாறிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் மீட்டர் கேஜ் வேறு, அதைவிடக் குறுகலான நேரோ கேஜ் வேறு. இங்கே பெரிய லைனைவிட அகலம் குறைந்தது எல்லாமே நேரோ கேஜ்தான். “ஒரு மீட்டரைப் பார்த்துக் குறுகல் என்கிறானே” என்று பஸ்ஸில் வீடு வரும்வரை பொருமினார். அந்த ஒரு மீட்டர் லைன்மேல் அவருக்கு இருக்கிற மரியாதைக்குக் காரணம் உண்டு. அதில்தான் அவர் எனக்குப் புருஷனாக வந்து சேர்ந்தார்.

நான் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இரண்டும். அவர் சித்தூர் டவுன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ஆந்திரா தனி மாநிலமாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று இரண்டு சர்க்காரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு ஊர்வலம் என்றால் நாளைக்குக் கடையடைப்பு, மறுநாள் ரயில் மறியல். அதற்கு நடுவில்தான் எங்கள் நைனா எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்போம்.

என் சித்தப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை.

“இன்னாண்ணா, பொண்ண கொண்டுபோயி தெலுங்கு வூட்ல குடுக்கிற? நாளைக்கி கோடு எங்க உழும்னு எவனுக்குத் தெரியும்? அவ ஒரு நாடு, நம்ம ஒரு நாடு ஆயிட்டா இன்னா பண்ணுவ?”

“ஆனா ஆவட்டும். பஸ்ஸு போவாதா?” என்றார் நைனா.

பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டார் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று வழக்கம்போல் கேட்டார்கள். இவர் மட்டும் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ரயில்ல போனா ஜன்னல் பக்கம் உக்காருவீங்களா, உள்பக்கமா?” என்று கேட்டார். எனக்கு எது பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. “ஜன்னல்” என்றேன்.

திருப்பதியில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். நாங்கள் முதல் நாளே பஸ்ஸில் போய் இறங்கிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் அன்று விடியற்காலை சித்தூரில் ரயில் ஏறி, பாகாலா வழியாக வந்து சேர வேண்டும். மணையெல்லாம் போட்டாயிற்று. நான் சந்தனமும் பட்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் காணோம்.

பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பால்காரர்தான் சேதி சொன்னார். “சந்திரகிரில ரயில மறிச்சிக்கினு உக்காந்துக்கினு கீறாங்க. எங்க பஸ்ஸுதான் கடைசி. அதுக்கப்பறம் ரோட்லயும் மரத்த வெட்டி போட்டுட்டாங்க.”

முகூர்த்தம் நகர்ந்துகொண்டிருந்தது. சத்திரத்தில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. சித்தப்பா நைனாவை ஓரமாகக் கூப்பிட்டார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

“சகுனமே சரியில்லண்ணா. வந்தவங்கோ துன்னுட்டுப் போவட்டும்னு உட்ற முடியுமா? என் மச்சான் தாமோதரன் இங்கதான கீறான். தாலி கடைல கெடைக்கும்.”

தாமோதரன் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இதைக் கேட்டதும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். நைனா தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தால் மனசு ஆடுகிறது என்று அர்த்தம். எனக்குப் பயம் பாதி, பசி பாதி.

“நைனா, பசிக்குது. ரெண்டு இட்லி குடுக்கச் சொல்லு. துன்னுட்டு இங்கயே உக்காந்துக்கினு இருக்கிறேன். அவரு வர்றப்ப வரட்டும்” என்றேன்.

தாலி ஏறும்வரை பெண் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. அத்தனை பேர் முன்னால் கல்யாணப்பெண் நான் இட்லி கேட்டுவிட்டேன். நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தானே போய் வாழையிலையில் நாலு இட்லி கொண்டுவந்து வைத்தார். தாமோதரன் பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை தள்ளு டிராலியில் வந்துகொண்டிருந்தார். தண்டவாளத்தைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்கள் போவார்களே, நாலு சக்கரம், ஒரு பெஞ்சு, மேலே ஒரு குடை, அதில். சந்திரகிரியில் மாட்டிக்கொண்ட இன்ஸ்பெக்டர் ஒருவர், நிலவரத்தைச் சொல்லத் திருப்பதிக்குப் புறப்பட்டார். இவர் அவர் காலிலும் விழுந்தார், மறியல்காரர்கள் காலிலும் விழுந்தார். “நாங்க ரயிலத்தான் மறிக்கிறோம், கல்யாணத்த இல்ல” என்று அவர்களே ஒதுங்கி வழிவிட்டார்களாம். டிராலியில் இன்ஸ்பெக்டரைத் தவிர இருவருக்குத்தான் இடம். தாலியை மடியில் கட்டிக்கொண்டு இவரும், இவருடைய தாய்மாமாவும் ஏறினார்கள். பெற்றவர்கள் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பதி ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார். பட்டு வேட்டியில் சக்கர மசி, முகமெல்லாம் வெயில். புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த நல்ல நேரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சாயங்காலம் மாமியார் வந்து சேர்ந்தபோது நான் அவருக்கு மருமகளாகியிருந்தேன். பிள்ளை கல்யாணத்தைப் பார்க்காத கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், இட்லி தின்ற என்மேல் காட்டினார்.

மறித்தது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பில்லை. “பொண்ணு உங்க ஆளுன்னு சொன்னேன், உட்டுட்டாங்க. அப்ப அவங்க தமிழாளுங்கதான?” என்பார் இவர். “மாப்ள உங்க ஆளுன்னு உங்க மாமா தெலுங்குல அழுதாரு, அதான் உட்டாங்க. அவரே எங்கிட்ட சொல்லிக்கீறாரு” என்பேன் நான். சாட்சி சொல்ல மாமா இப்போது இல்லை.

3

வசந்தம் வந்ததும் வேலை ஆரம்பித்தது. செடிவரிசையை ஒட்டி நாற்பது அடி நீளத்துக்குப் பள்ளம் எடுத்து, பொடிக்கல் கொட்டி, அதன்மேல் லைன். மீட்டர் கேஜை இருபத்திரண்டரை மடங்கு சுருக்கினால் என் உள்ளங்கை அகலம்கூட வராது. ஆனால் அதற்கும் கட்டை, ஆணி, வளைவில் ஒரு பக்கம் உயரம் என்று எல்லாச் சடங்கும் உண்டு. முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் அவரால் மண்டியிட முடியாது. அதனால் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்தார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஷீலா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “உங்கள் கணவரைக் காணோமே” என்று கேட்டாள். அவளுக்கு எண்பது வயசு. லைன் போடுகிறார் என்று சொல்ல நினைத்து, “ஹீ இஸ் லையிங் இன் தி கார்டன் சின்ஸ் மார்னிங்” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பருப்பை அடுப்பில் வைத்தேன்.

ஷீலா எட்டிப் பார்த்திருக்கிறாள். ரோஜாச் செடிக்கடியில் இரண்டு பாதம் மட்டும் அசையாமல் தெரிந்திருக்கிறது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பருப்பு வேகிறதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஷீலா ஒரு கம்பளியோடு அவர் முதுகின்மேல் குனிந்து, “தைரியமாக இருங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள், லைனையும் பார்த்தாள். இந்த வயசில் ஈர மண்ணில் படுக்காதீர்கள், ரயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. செங்கல் தூண் வரிசையாக எழும்பியது. தூண்களின்மேல் பலகை, பலகைமேல் லைன்.

பின்தெருவிலிருந்து யாரோ நகரசபைக்குச் சொல்லிவிட்டார்கள். கையில் அளவு நாடாவோடு ஓர் இளைஞர் வந்தார்.

“இது நிரந்தரக் கட்டுமானமா?”

“இல்லை. பிரித்துவிடலாம்.”

“பயணிகள் ஏறுவார்களா?”

“எறும்பு ஏறும். டிக்கெட் வாங்காது.”

அவர் சிரிக்கவில்லை. பயணிகள் இல்லை என்று எழுதிக்கொண்டார். நிரந்தரமில்லை என்றால் அனுமதி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். நம் ஆள் கூசாமல் பொய் சொல்லிவிட்டாரே என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. செங்கல்லைப் பார்த்தால் கோட்டை மாதிரி இருந்தது.

4

ஈஸ்டர் விடுமுறைக்குச் சுதா வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

சுதாவிடம் நாங்கள் பேசுவது இங்கிலீஷ்தான். அவளுக்கு வேறு தெரியாது. அவள் பிறந்தபோது முதலில் தமிழ்தான் வரட்டும் என்று நான் சொன்னேன். தெலுங்குதான் என்றார் அவர். ஆளுக்கொரு மொழியில் தாலாட்டினோம். குழந்தை குழம்பிப்போகும், இங்கிலீஷே பேசுங்கள் என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். கோடு எங்கே போடுவது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் மூன்றாவது ஆள் மொத்த நாட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் இரண்டு மொழியிலும் அவளுக்குத் தெரிந்தது திட்டு மட்டும்தான். அதில் நல்ல உச்சரிப்பு.

“என்ன இது?” என்றாள்.

“சந்திரகிரியிலிருந்து திருப்பதி வரைக்கும்” என்றார் அவர் பெருமையாக.

“டாடி, இந்த வீட்டை இனிமேல் யார் வாங்குவார்கள்? தோட்டம் பூராவும் சுவர் கட்டி வைத்திருக்கிறீர்கள். வர விருப்பமில்லை என்றால் வாயால் சொல்லக்கூடாதா? வாரா வாரம் நான் பைத்தியம் மாதிரி ஃபிளாட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரில் யாராவது விழுந்தால் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நான் வர வேண்டும். அதைப் பற்றி யாராவது யோசித்தீர்களா?”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தாறு வயசுப் பெண். தெலுங்கில் ஒரு திட்டு வந்து விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை என்பதில்தான் எனக்குப் பயம் வந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். பலகைக்கு அடியில் கையை விட்டு இரண்டு போல்ட்டைக் கழற்றினார். ஆறடி நீளத்துக்கு லைன், பொடிக்கல், பலகை எல்லாம் ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதை அவள் கையில் கொடுத்தார். செங்கலையும் காலால் லேசாகத் தள்ளிக் காட்டினார். சிமெண்டே போடவில்லை. அடுக்கித்தான் வைத்திருந்தார்.

“உன் ஃபிளாட்டில் தோட்டம் எத்தனை அடி?” என்றார்.

சுதா பலகையைப் பிடித்துக்கொண்டு முழித்தாள். நானும்தான்.

“அப்படியானால் வருகிறீர்களா?”

“வரமாட்டேன் என்று எப்போது சொன்னேன்? தோட்டம் இருக்கிறதா என்று நீதான் ஒரு தடவையும் சொல்லவில்லை.” பிறகு என் பக்கம் திரும்பித் தெலுங்குக்கு மாறினார். “நீ மாடிப்படி ஏறும்போது ரெண்டு கையாலயும் கைப்பிடியப் பிடிக்கிற. நாலு படிக்கு ஒருதரம் நிக்கிற. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?”

“அத வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்?” என்றேன்.

“நீ சொன்னியா?”

சொல்லவில்லைதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இரண்டு வருஷமாக ஃபிளாட்டுக்கு ஆசைப்பட்டிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டு. டீ போட உள்ளே போனேன். அடுப்படியில் தனியாக நின்று நன்றாகச் சிரித்தேன்.

டீயோடு வந்து பார்த்தபோது சுதா திருப்பதி முனையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பித்தளையில் செய்திருந்த டிராலி அவள் உள்ளங்கையில் இருந்தது. பெஞ்சின்மேல் களிமண்ணில் செய்த மூன்று பொம்மைகள்.

“நடுவில் வெள்ளை வேட்டியில் இருப்பது யார்?”

“நான்தான். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.”

அவளுக்கு இந்தக் கதையே தெரியாது. வருகிற நம் ஊர்க்காரர்களிடமெல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். இங்கிலீஷில் சொன்னதே இல்லை. “அன்றைக்கு ரயில் லேட்” என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அன்று முதல் தடவையாக, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, முழுக்கதையையும் இங்கிலீஷில் சொன்னோம். இட்லிக்கு வந்தபோது சுதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“மறித்தவர்கள் யார்?” என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னோம்.

5

வீடு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கைமாறியது. ஜூனில் தெற்கே வந்துவிட்டோம். ஷீலா வழியனுப்ப வந்து, அந்தக் கம்பளியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள். கீழ்த்தளம், படி கிடையாது, பின்னால் முப்பதடித் தோட்டம். சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் நடுவில் பத்தடி குறைந்துவிட்டதில் அவருக்கு வருத்தம்.

ஃபிளாட் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதன் அனுமதி இல்லாமல் துணிகூடக் காயப்போட முடியாது. சுதா அவர்களிடம் போனில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். “நேரோ கேஜ் இல்லை சார். மீட்டர் கேஜ்” என்று அழுத்தித் திருத்தினாள். அப்பன் குரல் அச்சாக அப்படியே. ஞாயிறு மத்தியானங்களில் மட்டும் விடலாம் என்று அனுமதி வந்தது. மேல்தளத்து மனிதர்கள் காபிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

லைனை மறுபடி பூட்டி முடித்த பிறகு சந்திரகிரி ஸ்டேஷனுக்குப் பெயர்ப்பலகை ஒன்றுதான் பாக்கி. இரண்டு தூணும் மஞ்சள் பலகையும் தயார். எழுத்து மட்டும் இல்லை. சந்திரகிரி ஆந்திராவில் இருக்கிறது, அதனால் தெலுங்குதான் மேலே என்றார் அவர். பலகை ஆந்திராவில் இல்லை, என் சமையலறை ஜன்னலுக்கு எதிரில் இருக்கிறது, தமிழ்தான் மேலே என்றேன் நான்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிடலாம்” என்றார், பெரிய மனசு பண்ணி.

“எது எடப்பக்கம்?” என்றேன்.

“சரேலே” என்று தெலுங்கில் அலுத்துக்கொண்டு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். சுதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாண நாளன்று கேக்கோடு வந்தாள். கூடவே கையளவு ஒரு பொட்டலம். பிரித்தால் அதே அளவில் இன்னொரு மஞ்சள் பலகை. கறுப்பில் அழகான எழுத்து, கீழே இங்கிலீஷ். மேலே இருந்தது தமிழுமில்லை, தெலுங்குமில்லை.

“இந்தி!” என்றாள் முகமெல்லாம் மலர்ந்து. “இங்கே நூலகத்தில் புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. மூன்று மாதமாகப் போகிறேன். உங்கள் இரண்டு மொழிக்கும் இந்தப் பக்கத்தில் வகுப்பே இல்லை. இருந்த ஒரே இந்திய பாஷை இதுதான். நானே எழுதினேன். படித்துக் காட்டட்டுமா? சந்... திர... கிரி.” பிறகு நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, “ஆப் லோக் கைஸே ஹைங்?” என்றாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தமாம்.

எங்கள் இருவருக்கும் இந்தி தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்றோம். சிரிப்பு வந்தது, வேறு என்னவோவும் வந்தது. அவள் மூன்று மாதம் ரகசியமாகப் படித்திருக்கிறாள். விரல் நகத்தில் இன்னும் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. அவர் பலகையை வாங்கி, இரண்டு தூணுக்கும் நடுவில் பொருத்தினார். சாய்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

“பாகுந்தி” என்றார்.

“அழகா கீது” என்றேன்.

“என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டாள் சுதா.

“அழகாக இருக்கிறது என்றேன்.”

“டாடி?”

“அவரும் அதையேதான் சொன்னார்.”

சுதா பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். காகிதம் கிடைக்கவில்லை. கேக் டப்பாவின் மூடியைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இரண்டையும் மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக” என்றாள்.

யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.